கிணறு போடக் கம்போடியா போகுமுன்

நீண்ட பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் அந்த அறிவிப்பு சுற்றத் தொடங்கிவிடும். கம்போடியாவில் கிணறு போட நான்கு நாள் பயணம், இத்தனை வெள்ளி, கடப்பிதழ் கையில் இருக்க வேண்டும். கோயில் இளைஞர் பகுதி, தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று ஒரு கூட்டம் சேர்ந்துவிடும். கோலாலம்பூரிலிருந்து சியாம் ரீப் போக இரண்டரை மணி நேரம்கூட ஆகாது. அங்கிருந்து வேனில் ஒன்றிரண்டு மணி நேரம். நகரம் முடிந்ததும் நெல் வயலும் பனைமரமும் வந்துவிடும். பனை கம்போடியாவின் தேசிய மரம். தமிழ்நாட்டின் மாநில மரமும் அதுதான். பால்மரத்தையும் செம்பனையையும் மட்டுமே பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலர், தாத்தா கதையில் கேட்ட பனையை முதன்முதலாக அங்கேதான் பார்க்கிறார்கள்.

போவதற்கு முன் ஒரு விளக்கக் கூட்டம் நடக்கும். முதல் பாதி கிணற்றைப் பற்றி. மறு பாதி செய்யக் கூடாதவை: குழந்தைகளின் தலையைத் தொடாதீர்கள், புத்தர் சிலை பக்கம் காலை நீட்டாதீர்கள், தோளும் முட்டியும் தெரிய உடுத்தாதீர்கள். இரண்டையும் இரண்டு தனிப் பாடமாகத்தான் சொல்லித் தருகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். கிராமத்தில் போய் நின்ற பிறகுதான் இரண்டும் ஒரே பாடம் என்று புரிந்தது. அந்த ஊர்க்காரர்கள் எந்தத் தண்ணீரைக் குடிப்பார்கள், எந்த இடத்தைத் தோண்ட மாட்டார்கள், யார் சொன்னால் கேட்பார்கள் என்பதெல்லாம் தெரியாமல் போட்ட கிணறு, எவ்வளவு நல்ல பம்பு வைத்தாலும் நிற்காது.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கிணறு என்றதும் நமக்குத் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் இருந்த வட்டக் கிணறும் கப்பியும் கயிறும்தான் நினைவுக்கு வரும். அங்கே பெரும்பாலும் போடுவது குழாய்க் கிணறு. உள்ளூர்த் தொழிலாளர்கள் ஒரு இரும்புக் குழாயைத் திருகிக்கொண்டே இறக்குவார்கள். அதன் வழியாகத் தண்ணீரை அழுத்திச் செலுத்த, மண் சேறாகக் குழம்பி மேலே வரும். மணற்படுகையில் நல்ல ஊற்று கிடைத்ததும் அடியில் கீறல் போட்ட பிளாஸ்டிக் குழாயை இறக்கி, சுற்றிலும் சரளை கொட்டி, மேலே சில மீட்டருக்குக் களிமண்ணும் சிமெண்டும் போட்டு அடைப்பார்கள். பிறகு பம்பு, அதைச் சுற்றிச் சிமெண்டுத் தளம், கழிவுநீர் ஓட ஒரு வாய்க்கால். நாம் செய்வது மணல் சுமப்பதும் சிமெண்டு குழைப்பதும் தளம் பூசுவதும்தான். உள்ளூர்க்காரர்கள் தனியாகச் செய்தால் இன்னும் சீக்கிரம் முடியும். ஆனாலும் அந்தத் தளத்தை லேசாக நினைத்துவிடக் கூடாது. அதில் ஒரு விரிசல் விட்டால், சிந்திய தண்ணீர் மாட்டுச் சாணத்தையும் சேர்த்துக்கொண்டு குழாய் ஓரமாகவே கீழே இறங்கிவிடும். கழிப்பறைக் குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே குறைந்தது 30 மீட்டர் இருக்க வேண்டும் என்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

சரி, தண்ணீர் வந்துவிட்டது. பம்பை அடித்ததும் கண்ணாடி மாதிரி வரும். பிள்ளைகள் கைதட்டுவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் குழுவிலும் அப்படித்தான். அன்று மாலை அந்த வீட்டு அம்மா புதுத் தண்ணீரில் எங்களுக்குப் பால் சேர்க்காத தே ஓ போட்டுக் கொண்டுவந்தார். தம்ளரில் இருந்தது சிவப்பும் இல்லை, பழுப்பும் இல்லை. மை மாதிரி கறுப்பு. அந்த அம்மா முதலில் தேத்தூளைத்தான் சந்தேகப்பட்டார். தம்ளரைக் கழுவி மறுபடியும் போட்டார். மறுபடியும் கறுப்பு.

நிலத்தடியில் காற்றுப் படாத இடத்தில் இரும்பு தண்ணீரில் கரைந்தே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மேலே வந்து காற்றுப் பட்டதும் துருவாகப் பிரியும். தேயிலையில் இருக்கும் துவர்ப்புப் பொருளோடு சேர்ந்தால் கறுத்துவிடும். நம் முன்னோர்கள் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதுவதற்கு மை காய்ச்சினார்களே, அதே வேலைதான் அந்தத் தம்ளருக்குள்ளும் நடந்தது. இந்த அளவு இரும்பு பெரும்பாலும் உடம்பைக் கெடுக்காது. ஆனால் அதில் சோறு வடித்தால் நிறம் மாறும், வெள்ளைத் துணி மஞ்சளாகும், வாயில் காசு வைத்த மாதிரி ருசிக்கும். அப்புறம் என்ன நடக்கும்? துவைக்கவும் மாட்டைக் குளிப்பாட்டவும் பம்பு, குடிக்கப் பழையபடி குளம். கம்போடியக் கிராமத்து வீடுகளில் ஆளுயரத்துக்குச் சிமெண்டுச் சாடிகள் நிற்பதைப் பார்க்கலாம். கூரையில் விழும் மழைநீரை அதில் பிடித்து வைத்து, அதைத்தான் குடிக்கவும் சமைக்கவும் எடுப்பார்கள். வெளியிலிருந்து போகிறவர்கள் இதைப் பழைய பழக்கம் என்று ஒதுக்கிவிட்டுக் கிணறு போட இடம் பார்க்கிறார்கள். அந்தச் சாடியைப் பற்றி வீட்டுக்காரரிடம் ஐந்து நிமிடம் பேசியிருந்தால், எந்தக் கிணற்றுத் தண்ணீர் கறுக்கும், எது கறுக்காது, எந்த மாதத்தில் சாடி காலியாகும் என்று எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். அந்தத் தகவலுக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை.

கறுத்துக் காட்டிக்கொடுக்கும் இரும்பு பரவாயில்லை. நிறமும் மணமும் ருசியும் இல்லாமல் இருக்கும் ஆர்செனிக்தான் பயப்பட வேண்டியது. வங்காளதேசத்தில் நடந்ததைக் கிணறு போடப் போகும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். குளத்து நீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் சாகிறார்களே என்று, 1970களிலிருந்து அரசாங்கமும் யுனிசெஃப்பும் ஊர் ஊராகக் குழாய்க் கிணறு போட்டார்கள். எண்ணம் முழுக்க நல்ல எண்ணம். அந்த நிலத்தடி நீரில் ஆர்செனிக் இருப்பது 1993இல்தான் உறுதியானது. அதற்குள் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்புகளோடு மக்கள் மருத்துவமனைக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரை, ஒரு மக்கள் கூட்டத்துக்கு நேர்ந்ததில் வரலாற்றிலேயே மிகப் பெரிய நச்சுப் பாதிப்பு என்று இதைக் குறிப்பிட்டது. பிறகு கிணறு கிணறாகச் சோதித்து, ஆபத்தானவற்றுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். கம்போடியாவிலும் மெக்கோங், பாசாக் ஆற்றோரங்களில், முக்கியமாகக் கண்டால் மாநிலத்தில், இதே சிக்கல் உண்டு. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்செனிக் இருக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். கையடக்கச் சோதனைப் பெட்டி இருக்கிறது. அதிலுள்ள தாள் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறுவதை வைத்து அந்த இடத்திலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். பயணத்துக்கு ஒரே நிறத்தில் சட்டை தைக்கப் பணம் ஒதுக்கும் குழு, அந்தப் பெட்டிக்கும் ஒதுக்கியதா என்று கிளம்புமுன் பெற்றோர்கள் கேட்க வேண்டும். சோதிக்காத கிணற்றைத் திறந்துவைப்பது தவறு. இதை நான் கொஞ்சமும் தயங்காமல் சொல்வேன்.

இரண்டாம் முறை நான் போனது வெயில் காலக் கடைசியில். வழியில் வேறொரு குழு முந்தைய ஆண்டு போட்ட கிணற்றைப் பார்த்தோம். பெயர்ப் பலகை பளிச்சென்று இருந்தது. பம்பின் கைப்பிடியை, கிரமா என்று கம்போடியர்கள் சொல்லும் ஒரு பழைய துண்டால் கட்டிப் போட்டிருந்தார்கள். சிமெண்டுத் தளத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது.

அதற்கு என்ன ஆயிற்று என்று உள்ளூர்க்காரர் ஒருவர் திறந்து காட்டினார். இரண்டு காரணம். மேலேயிருந்து உறிஞ்சும் வகைப் பம்புக்குக் கிட்டத்தட்ட 7 மீட்டர்தான் எல்லை. நீர்மட்டம் அதற்குக் கீழே போய்விட்டால் எவ்வளவு அடித்தாலும் காற்றுதான் வரும். அங்கே மே முதல் அக்டோபர் வரை மழை, மீதி மாதங்கள் வறட்சி. மழை முடிந்த கையோடு வந்து கிணறு போட்டவர்களுக்குத் தண்ணீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருந்திருக்கும். ஏப்ரலில் அது எங்கே போகும் என்று அவர்கள் யாரையும் கேட்கவில்லை. இரண்டாவது காரணம், உருளைக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனின் ரப்பர் வளையம் தேய்ந்து கிழிந்திருந்தது. உள்ளங்கையில் வைத்தால் ஒரு முறுக்கு அளவுதான் இருக்கும். அது தேய்ந்துவிட்டால் பம்பு தானாக நீரைப் பிடித்து வைக்காது. ஒவ்வொரு முறையும் மேலேயிருந்து ஒரு வாளி ஊற்றி அடிக்க வேண்டும். ஊற்றுவது குளத்து நீராக இருந்தால் அந்த அழுக்கு நேராகக் கிணற்றுக்குள்ளேயே போகும்.

இது ஒரு ஊரின் கதை இல்லை. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளின் கைப்பம்புகளைப் பற்றி 2009இல் திரட்டிய கணக்கில், ஏறக்குறைய மூன்றில் ஒன்று ஓடவில்லை. பம்பு செய்கிறவர்களுக்கும் இது தெரியும். 1970களில் இந்தியாவில் உருவான இந்தியா மார்க் 2 பம்பை, ஆழமான நீர்மட்டம் உள்ள கோயம்புத்தூர்ப் பக்கத்தில்தான் சோதித்துப் பார்த்தார்கள். உறுதியான பம்பு, உலகம் முழுக்கப் போனது. ஆனால் உள்ளே ஒரு வளையம் மாற்ற வேண்டுமென்றால் மொத்தக் குழாயையும் மேலே தூக்க வேண்டும். அதற்கு வண்டியும் ஆட்களும் வேண்டும். அதனால் 1980களில் மறுபடியும் கோயம்புத்தூர் மாவட்டத்திலேயே சோதனை நடத்தி மார்க் 3 வந்தது. அதில் குழாயை அசைக்காமல் பிஸ்டனை மட்டும் உருவி எடுத்துவிடலாம். ஊர்க்காரர்களே பழுது பார்க்க முடிவதுதான் நல்ல பம்பு என்ற எண்ணம் அந்த வயல்வெளிச் சோதனைகளில் உறுதிப்பட்டது.

ஆனால் வளையம் வாங்கக் காசு யார் தருவது? நம் ஊர்க் கதை எனக்கு இந்த இடத்தில்தான் நினைவுக்கு வந்தது. 1950களின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, வேலையும் லயமும் ஒன்றாகப் பறிபோயின. சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், பால்மரம் சீவுகிறவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கூலி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் தோட்டத்துக்குப் பங்குதாரர்கள் ஆனார்கள். எங்கள் பாட்டி அந்தப் பங்குச் சீட்டை இரும்புப் பெட்டிக்குள் சேலைக்கு அடியில் வைத்திருந்தார். கொடுத்த பத்து வெள்ளியால் அவருக்கு அதைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை வந்திருந்தது, கேட்டுக்கொண்டும் இருந்தார். கிணற்றுக்கும் இதேதான். வீட்டுக்கு மாதம் ஒரு சின்னத் தொகை, கணக்கு எழுத இருவர், சாவியும் ஸ்பேனரும் வைத்துக்கொள்ள ஒருவர் என்று ஊரே ஏற்பாடு செய்துகொண்ட இடங்களில் பம்பு நிற்காமல் ஓடுகிறது. தானமாகக் கொடுத்துவிட்டு வந்த இடங்களில், பழுதானால் கொடுத்தவர்கள் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். அவர்கள்மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன். தோட்டத்துப் பைப்பு உடைந்தபோது நாமும் துரையின் ஆள் வரட்டும் என்றுதானே காத்திருந்தோம்.

இந்த ஏற்பாட்டை யாரிடம் பேசுவது என்று கேட்டால் பழக்கவழக்கத்துக்கு வந்துவிடுகிறோம். ஊர்த் தலைவரை மே பூம் என்பார்கள். பூம் என்றால் ஊர், நம் பூமிதான் அது. அனுமதி அவரிடம். ஆனால் எங்கே தோண்டலாம் என்பதில் அவரைவிடப் பெரியவர் ஒருவர் உண்டு. கம்போடிய ஊர்களில் நெயாக் தா என்ற காவல் தெய்வம் இருக்கும். ஒரு பெரிய மரத்தடியில், ஒரு கல்லில், சில இடங்களில் கறையான் புற்றில். ஊதுபத்தி, பழம், ஒரு சின்னக் குடில். பார்த்ததும் எங்கள் குழுவில் ஒரு தம்பி, "அண்ணே, இது நம்ம முனியாண்டி மாதிரியே இருக்குல்ல?" என்றான். தோட்டத்தில் முனியாண்டி நின்ற மரத்தை வெட்டச் சொன்னால் எந்தத் தொழிலாளியும் கை வைக்க மாட்டார் என்பது நமக்குத் தெரியும். அங்கேயும் அப்படித்தான். நெயாக் தா இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கேட்காமல் துளை போட்டால், தண்ணீர் வந்தாலும் குடிக்க மாட்டார்கள். அடுத்த மாதம் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பழி கிணற்றின் மேல்தான் விழும். கேட்டுவிட்டால் ஒரு சிக்கலும் இல்லை. ஆசார் என்று அழைக்கப்படும் பெரியவர் வந்து ஊதுபத்தி ஏற்றி, மண்ணிடம் அனுமதி கேட்பார். பூமித் தாயை அவர்கள் தொரணி என்கிறார்கள், நாம் தரணி என்கிறோம். புத்தரைச் சுற்றி வளைத்த மாரனின் படையை, அவள் தன் கூந்தலைப் பிழிந்து அந்த வெள்ளத்தில் அடித்துப்போகச் செய்தாள் என்பது கதை. தலைமுடியைப் பிழியும் அந்தச் சிலையைப் பல விகாரைகளில் பார்க்கலாம். தண்ணீர் மண்ணுக்குள்ளிருந்து வருகிறது என்பதை இதைவிட அழகாக யார் சொல்ல முடியும்? சொந்த மண்ணைக் குறிக்க அவர்கள் மொழியில் தண்ணீர், மண் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்வதும் உண்டு.

நாள் பார்ப்பதும் அப்படியே. அவர்களுடைய புத்தாண்டு ஏப்ரல் நடுவில் வரும், நம் சித்திரைப் புத்தாண்டோடு. செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பதினைந்து நாள் முன்னோர்களுக்குச் சோற்றுருண்டை படைக்கும் ப்சும் பென் வரும். பென் என்பது பிண்டம். நம் மாளய பட்சம்தான் அது. அந்த நாள்களில் போய் இறங்கி, வேலைக்கு ஆள் வரவில்லையே என்று முகம் சுளிக்கும் குழுக்கள் உண்டு. தீபாவளிக்கு முதல் நாள் நம் வீட்டுக் கூரையைப் பிரிக்க யாராவது வந்தால் நாம் என்ன செய்வோம்?

இப்படி ஒத்துப்போவது நிறைய இருப்பதால் நமக்கு எல்லாமே தெரியும் என்ற நினைப்பும் சீக்கிரம் வந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் பெரியவர்கள் தலையில் கை வைத்துத்தான் ஆசீர்வாதம் செய்வார்கள். அன்பு மிகுந்தால் பிள்ளையின் தலையைத் தடவுவோம். அங்கே தலை புனிதம், முன்பின் தெரியாதவர்கள் தொடக் கூடாது. நான் பழக்கதோஷத்தில் ஒரு சிறுவன் தலையைத் தடவிவிட்டேன். அவன் பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, பையனை மட்டும் மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இன்னும் அந்த இழுப்பு என் கண்ணுக்குள் நிற்கிறது. அன்று முதல் முதியவரை 'தா', பாட்டியை 'யியாய்', என்னைவிட மூத்தவரை 'பொங்' என்று அழைத்து, கையெடுத்துக் கும்பிட்டுப் பேசப் பழகினேன். முறை வைத்துக் கூப்பிட்டதும் பேச்சு தானாக இளகியது. கம்போடியாவின் சாம் இன முஸ்லிம்கள் வாழும் ஊர்களுக்குப் போனால் நிலவரம் வேறு: வெள்ளிக்கிழமை நண்பகலில் வேலை வைக்கக் கூடாது, உணவு ஹலாலாக இருக்க வேண்டும். மலாய் தெரிந்தவர்களும் அங்கே கிடைப்பார்கள், நமக்குப் பேச்சுத் துணை.

பெண்களைத் தனியாகக் கேட்க வேண்டும். ஊர்க் கூட்டத்தில் ஆண்கள் இடத்தைக் காட்டுவார்கள், தண்ணீர் சுமப்பது பெண்களும் பிள்ளைகளும். பேரிடர்க் கால முகாம்களுக்கு வகுத்த ஸ்பியர் அளவுகோலில் வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் தண்ணீர், வரிசையில் அதிகபட்சம் 30 நிமிடம், ஒரு கைப்பம்புக்கு 500 பேருக்கு மிகாமல் என்று இருக்கிறது. கைப்பிடி என்ன உயரத்தில் இருந்தால் பத்து வயதுப் பிள்ளை அடிக்க முடியும், இருட்டிய பிறகு எந்தப் பாதையில் போகப் பயம் என்பது எந்த அளவுகோலிலும் இருக்காது. அதைச் சுமக்கிறவர்களிடம்தான் கேட்க முடியும்.

எங்கள் குழு அடுத்து போவது ஏப்ரலில், புத்தாண்டுக் கொண்டாட்டம் முடிந்த மறு வாரம். நீர்மட்டம் அடியில் கிடக்கும் நேரம். இந்தத் தடவை புதுக் கிணறு கிடையாது, நின்றுபோன மூன்று பம்புகளைத் திறந்து பார்ப்பதுதான் வேலை. நன்கொடை கேட்கும்போது இதைச் சொன்னால் சிலருக்கு முகம் வாடுகிறது, திறப்பு விழாவும் பெயர்ப் பலகையும் இல்லையே என்று. பரவாயில்லை, புரிய வைத்துக்கொண்டிருக்கிறோம். பையில் இதுவரை சேர்ந்திருப்பவை: இரண்டு அளவில் ரப்பர் வளையங்கள், ஒரு ஸ்பேனர் கட்டு, நீர்மட்டம் அளக்க முடிச்சுப் போட்ட முப்பது மீட்டர் கயிறு, ஆர்செனிக் சோதனைப் பெட்டி, நெயாக் தாவுக்கு ஊதுபத்தி, அப்புறம் ஒரு பொட்டலம் தேத்தூள்.